வீடு தேடி வந்த நர்ஸ்

மக்களைத் தேடி மருத்துவம் என்றால் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவந்து தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். 2021இல் தொடங்கிய அந்தத் தமிழக அரசுத் திட்டத்தில், குணப்படுத்த முடியாத நோயிலும் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய் தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருவார் என்பது, அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, "இனி செய்ய ஒன்றுமில்லை, கூட்டிட்டுப் போங்க" என்று பாரசிட்டமாலோடு அனுப்பிவிட்டது. அம்மா ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். புண் வாடையால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வரவில்லை.

நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த உப்பு நீரில் புண்ணைக் கழுவினார். வாடைக்குக் காரணமான கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, டம்ளர் அடியால் நுணுக்கி, புண்மேல் தூவிக் கட்டினார். பிறகு என்னையும் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். சில நாளில் வாடை அடங்கியது. என் சின்ன மகள் பாட்டி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "காபி குடிச்சிட்டுத்தான் போகணும் கண்ணு" என்று அம்மா இப்போதெல்லாம் நர்ஸை விடுவதில்லை.

வலிக்கு மார்ஃபின் கேளுங்கள் என்று சொன்னதும் அவர்தான். ஆனால் அதை டாக்டர்தான் எழுத முடியும். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் வாங்கி வருகிறேன். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை. அம்மா இப்போது படுத்துத் தூங்குகிறார்.

அவர் தூங்காத இரவுகளில் உகாண்டாவைப் பற்றிப் படித்தேன். 2016இல் அந்த நாட்டில் புற்றுநோய்க்கு இருந்த ஒரே கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரமும் பழுதாகிவிட்டது. ஆனால் வலி மருந்துக்கு இயந்திரம் எதற்கு? 1993இல் டாக்டர் ஆன் மெரிமன் தொடங்கிய ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா உகாண்டா என்ற நோய் தணிப்பு அமைப்பு, மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்து, வீரியத்துக்கு ஏற்ப நிறம் சேர்த்து, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது. 2004 முதல் அங்கே தனிப் பயிற்சி பெற்ற நர்ஸுகளே மார்ஃபின் எழுதித் தரலாம். எங்கள் நர்ஸுக்கும் அந்தப் பயிற்சியும் அனுமதியும் கிடைத்தால், மலையில் படுத்திருக்கும் எத்தனை பேருக்கு உதவும்!

இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் "நோய் தணிப்பு நர்ஸ் வேண்டும்" என்று நீங்களாகவே கேளுங்கள். கேட்கத் தெரியாமல் நாங்கள் இரண்டு மாதம் அம்மாவை வலியில் வைத்திருந்தோம்.