சத்துவாச்சாரி மலையடி வீட்டில் ஒரு புறஊதா டார்ச்

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அந்த மலையின் அடிவாரத்தில், சத்துவாச்சாரியில் வீடு கட்டிக் குடியேறிய எங்களிடம், பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறை இரவில் விடுகிற அனலோடு தேள், பூரான், சிலந்தி எல்லாம் கேட்காமலே வந்து சேர்ந்தன. இரண்டு கோடைகள் மருந்தடித்துப் பார்த்தோம். கரப்பான் பூச்சிகள்தாம் செத்தன. தேள் குறைந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், பீனிக்ஸ் நகரில் வசிக்கும் என் அக்காள் மகன்தான் புறஊதா டார்ச்சைப் பற்றிச் சொன்னான். அங்கே சுவரேறக்கூடிய பட்டைத் தேள்கள் வீட்டுக்குள்ளேயே வருவதால், இரவில் இந்த விளக்கை அடித்துத் தேடுவது பலருக்கும் வழக்கமாம். தேளின் மேல்தோலில் இருக்கும் பீட்டா கார்போலின், கூமரின் வகைச் சேர்மங்கள் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கிப் பச்சை கலந்த நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. அரிசோனாத் தேளுக்கும் நம் ஊர்த் தேளுக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

இணையத்தில் முதலில் வாங்கியது ஏறத்தாழ 350 ரூபாய்க்குக் கிடைத்த, மூன்று சிறிய பேட்டரிகள் போடுகிற, 395 நானோமீட்டர் டார்ச். அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமும் கூடவே கொட்டுவதால் தரை முழுதும் ஊதாவாகி, தேளின் ஒளிர்வு அதில் அமுங்கிவிடுகிறது. மூன்றடி தொலைவுக்குள் போனால்தான் இருப்பது தெரியும். தேளிடம் மூன்றடி நெருங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்? அடுத்து 1,400 ரூபாய் கொடுத்து, கண்ணாடியின் மேல் கறுப்பு வடிகட்டி பொருத்திய, சார்ஜ் செய்யக்கூடிய 365 நானோமீட்டர் டார்ச் வாங்கினேன். எரிகிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மங்கலாகத் தோன்றும் அந்த விளக்கில், பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பாலுள்ள தேள்கூடத் தணல் துண்டு போலப் பளிச்சென்று தெரிந்தது.

முதல் இரவு வாசல் விளக்கை அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்தபோது எண்ணியவை 9. அவற்றில் 6 தேள்கள், கட்டடம் முடிந்து மிஞ்சிய செங்கல்லை நாங்கள் அடுக்கி வைத்திருந்த ஒரே மூலையில் இருந்தன. ஒன்று, சமையலறைக் கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் பூசாமல் விட்ட இடுக்கில். இரண்டு கோடைகள் மருந்துக்குச் செலவிட்டவனுக்குச் செங்கல்லை அப்புறப்படுத்தவும் ஒரு பிடி சிமெண்டு பூசவும் தோன்றவில்லை என்பதை இந்த டார்ச்தான் காட்டிக்கொடுத்தது. இரண்டையும் செய்து முடித்த மறு மாதம், ஓர் இரவுக்கு ஒன்றோ இரண்டோதான் கண்ணில் பட்டன. நீண்ட இடுக்கியால் பிடித்து மூடியுள்ள டப்பாவில் போட்டு மலைப் பக்கம் கொண்டுபோய் விடுகிறோம்.

எந்தத் தேள் என்பதை அறிய வெள்ளை விளக்கும் தேவை. கொடுக்குக் கைகள் பருத்த கருந்தேள் கொட்டினால் வலி கடுமையானது, ஆனால் உயிருக்கு ஆபத்து குறைவு. கை மெலிந்து வால் தடித்த செந்தேள்தான் அஞ்ச வேண்டியது. ஹாட்டன்டோட்டா டாமுலஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அது கொட்டி, வியர்வையும் வாந்தியும் கண்டு கைகால் சில்லிட்டால், மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தைக் கழிக்காமல் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ உடனே கொண்டுசெல்ல வேண்டும். பிரசோசின் என்ற மருந்தைச் செந்தேள் கடிக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார்.

விற்பனைப் பக்கத்தில் "எல்லா விஷ ஜந்துக்களையும் காட்டும்" என்று போட்டிருந்ததை நம்ப வேண்டாம். கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் இதில் தெரியாது. இதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் நடப்பவர் பாம்பை மிதிக்கக்கூடும். சிலந்திக்கும் இது உதவாது. தரையில் திரியும் ஓநாய்ச் சிலந்தியைக் காண வேண்டுமானால், சாதாரண வெள்ளை டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தால் போதும், அதன் கண்கள் பனித்துளி போல மின்னும். எங்கள் குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால்விரித்து ஒட்டியிருக்கும் வேட்டைச் சிலந்தியைத் தேட எந்த விளக்கும் வேண்டியதில்லை. வலை பின்னாமல் கரப்பானை ஓடிப் பிடித்துத் தின்கிற அதை, முட்டைப் பையை ஒரு ரூபாய்க் காசு போல வயிற்றடியில் இடுக்கிக்கொண்டு அது நின்ற நாளிலிருந்து, துடைப்பத்தால் அடிக்க என் மனைவி யாரையும் விடுவதில்லை. மருந்தடிப்பதை நிறுத்தியதில் பிழைத்தது அதுவும்தான்.

தேளிலும் ஒரு விலக்கு உண்டு: புதிதாகத் தோலுரித்த தேள், மேல்தோல் இறுகும்வரை ஒளிராது. அதற்கு மாறாக, சலவைத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டியும் காகிதத் துண்டும் நீலமாக ஒளிர்ந்து முதல் சில நாள்கள் ஏமாற்றின. ரூபாய் நோட்டின் எண்களும் ஒளிரும் என்று தெரிந்ததும் பேரன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் இதை யார் முகத்திலும் அடிக்கக் கூடாது என்பதால், இப்போது பீரோவுக்கு மேல் வைக்கிறோம்.

குறைகளும் உண்டு. இடுப்பில் மாட்டும் கிளிப் நான்காம் மாதமே உடைந்தது. கால் மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் முனை கை பொறுக்காத அளவு சூடாகிறது. கூடவே தந்த மஞ்சள் கண்ணாடி மூக்கில் நிற்பதில்லை. இவ்வளவுக்கும் பிறகு, மலையடியிலோ கல்குவாரிப் பக்கமோ வீடு வைத்திருப்பவர் 365 எண்ணைப் பார்த்து வாங்கலாம். ஊருக்கு நடுவே மாடி வீட்டில் இருப்பவருக்கு 1,400 ரூபாய் வீண்.