ஃபெரைட்டை அளக்க: வளையமா, துண்டா, குச்சியா?

ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் ஃபெரைட்டை (இரும்பு ஆக்சைடு சார்ந்த காந்தப் பீங்கானை) அளக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த முறை துல்லியமானது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: உங்களுக்கு முக்கியமாக வேண்டியது விடுதிறனா (permittivity, மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினை), உட்புகுதிறனா (permeability, காந்தப்புலத்துக்குக் காட்டுவது), இழப்பா (அலையின் ஆற்றலில் பொருள் விழுங்குவது)? மூன்றுக்கும் ஒரே முறையை நம்பினால் ஏதாவது ஒன்றில் ஏமாந்துபோவோம்.

பலரும் முதலில் போவது 7 மி.மீ. கோஆக்சியல் லைனுக்கு, அதாவது நடுவில் ஒரு கம்பி ஓடும் உருளை உலோகக் குழாய்க்கு. வெளிவிட்டம் 7 மி.மீ., துளை 3.04 மி.மீ. என்று ஒரு வளையம் செய்து உள்ளே நுழைத்தால், 18 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஒரே மூச்சில் அளந்துவிடலாம். நிக்கல்-துத்தநாக ஃபெரைட்டின் உட்புகுதிறன் எங்கே சரியத் தொடங்குகிறது என்று பார்க்க இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது.

சிக்கல் துளையில்தான். சுட்ட ஃபெரைட் கடினமானது, ஆனால் நொறுங்கும்; துளையின் விளிம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். உள்கம்பியைச் சுற்றி 0.05 மி.மீ., அதாவது ஒரு தலைமுடி கனத்துக்கு, காற்று இடைவெளி இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையான விடுதிறன் 13 என்றால், கிடைப்பது 9-க்கும் கீழே! மின்புலம் கம்பியிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது. காற்றைத் தாண்டித்தான் ஃபெரைட்டுக்குள் போக முடியும். அந்த மெல்லிய காற்றடுக்கே மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. காந்தப்புலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அது கம்பியைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது. அதே இடைவெளியில் 2 என்ற உட்புகுதிறன் 1.96 ஆகத்தான் குறையும். அதனால் கோஆக்சியல் தரும் உட்புகுதிறனை நம்புவேன். விடுதிறனை, இடைவெளியை வெள்ளிப் பேஸ்ட்டால் அடைத்த பிறகுதான் நம்புவேன். பொடியாக்கிப் பாரஃபின் மெழுகில் கலந்து அழுத்தினால் வளையம் கச்சிதமாகப் பொருந்தும்தான். ஆனால் அப்போது அளப்பது கலவையை, பீங்கானை அல்ல.

விடுதிறனும் சரியாக வேண்டும், 8.2 முதல் 12.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை போதும் என்றால் அந்தப் பட்டைக்கான எக்ஸ்-பேண்ட் அலைக்குழலுக்கு (அலையைக் கடத்தும் செவ்வக உலோகக் குழாய்க்கு) மாறுங்கள். 22.86-க்கு 10.16 மி.மீ. செவ்வகத் துண்டு, துளையே வேண்டாம், தட்டையாகத் தேய்த்தால் போதும். அகலமான சுவரோரம் அதே 0.05 மி.மீ. இடைவெளி விட்டாலும் 13 என்பது ஏறக்குறைய 12.3-இல் நிற்கும். குறுகிய பக்கச் சுவர்களில் மின்புலம் சுழியம் என்பதால் அங்கே இடைவெளி பெரிதாகப் பாதிக்காது. வேறு பேண்ட் வேண்டுமென்றால் வேறு குழல், வேறு துண்டு. அதுதான் இதன் விலை.

இரண்டிலும் நிக்கல்சன், ராஸ் 1970-இலும் வியர் 1974-இலும் தந்த கணக்கைத்தான் பயன்படுத்துகிறோம்; மாதிரியில் பட்டு எதிரொலித்த அலையையும் அதைக் கடந்துபோன அலையையும் வைத்து விடுதிறன், உட்புகுதிறன் இரண்டையும் கண்டுபிடிக்கும் கணக்கு அது. மாதிரியின் தடிமன் அரை அலைநீளத்தைத் தொட்டால் எதிரொலிப்பு மறைந்து, கணக்கு தாறுமாறாகிவிடும். விடுதிறன் 13, உட்புகுதிறன் 1-ஐ ஒட்டி இருந்தால், கோஆக்சியலில் 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு அந்தத் தடிமன் சுமார் 4.2 மி.மீ. நான் 2 மி.மீ. பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வேன்.

சரி, இழப்பு? சர்க்குலேட்டருக்கான (அலையை ஒரே திசையில் அடுத்த வாயிலுக்கு அனுப்பும் கருவிக்கான) கார்னெட் என்ற ஃபெரைட் வகையில் மின்காப்பு இழப்பு, அதாவது மின்புலத்தால் வரும் இழப்பு, 0.0002 அளவுக்கு இருக்கும். அதை லைனிலோ குழலிலோ தேடுவது வீண். ஒத்ததிர்வுக் குழியில் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலை வலுக்கும் மூடிய உலோகப் பெட்டியில்) அளக்கும் பொருளின் ஒரு மெல்லிய குச்சியை மின்புலம் உச்சமாக உள்ள இடத்தில் வைத்தால் விடுதிறனும் அதன் இழப்பும், காந்தப்புலம் உச்சமாக உள்ள இடத்தில் வைத்தால் உட்புகுதிறனும் அதன் இழப்பும் கிடைக்கும். ஒரே ஒரு அதிர்வெண்ணில்தான், ஆனால் இவ்வளவு சிறிய இழப்புக்கு நான் நம்புவது இந்தக் குச்சியைத்தான்.

பேரியம் ஹெக்ஸாஃபெரைட்டின் இயல்பான ஒத்ததிர்வு 50 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. அதையும் தாண்டிப் போனால், 75 முதல் 110 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்குழலின் வாயே 2.54-க்கு 1.27 மி.மீ.தான், அதற்குள் பொருந்தும்படி துண்டைச் செதுக்குவது பெரும் பாடு. அங்கே லென்ஸ் பொருத்திய இரண்டு ஹார்ன் (கொம்பு வடிவ) ஆண்டெனாக்களுக்கு நடுவில், திறந்த வெளியில், ஃபெரைட் தகட்டை நிறுத்திவிடுவேன். தகடு மட்டும் கற்றையைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் வளைந்து வரும் அலையும் அளவில் சேர்ந்துவிடும்.