சமையல் மேடைக்கு கிரானைட்டா, குவார்ட்ஸா?

விலை: கிரானைட் மலிவு, கிருஷ்ணகிரிப் பக்கமே வெட்டி எடுக்கிறார்கள். குவார்ட்ஸுக்குப் பெரும்பாலும் கூடுதலாகத்தான் ஆகும்.

சூடு: நம் சமையலுக்கு இதுதான் முக்கியம். கிரானைட்டில் இறக்கிய குக்கரை அப்படியே வைக்கலாம். குவார்ட்ஸில் ஏறத்தாழ 90 சதவீதம் கல்தூள் என்றாலும், அதைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பிளாஸ்டிக் பசை. காய்ந்த தோசைக்கல்லை வைத்தால் நிறம் மாறி வட்டம் விழும், தேய்த்தாலும் போகாது.

கறை: வெளிர்நிற கிரானைட் மஞ்சளையும் எண்ணெயையும் உறிஞ்சும், அவ்வப்போது சீலர் (கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூச வேண்டும். கறுப்பில் அந்தத் தொல்லை குறைவு. குவார்ட்ஸ் அநேகமாக உறிஞ்சாது.

தினமும் தோசையும் தாளிப்புமாக இருக்கும் அடுப்படிக்குக் கறுப்பு கிரானைட்டையே சொல்வேன். வெள்ளை மேடைதான் வேண்டும், பிரிமணை வைக்கும் பழக்கமும் உண்டு என்றால் குவார்ட்ஸ் சரி. வெயில் படும் வெளிமேடைக்கு மட்டும் அது வேண்டாம், மஞ்சளடித்துவிடும்.