உரிப்பதா, சுண்ணாம்பு வைப்பதா, கல்லையே தூக்குவதா?

சிங்கப்பூரில் பத்து வெள்ளிக்கு விரல்நுனி அளவு ஸீனியா வாங்கினேன், கல்லாக இறுகாத மென்பவள உயிர் அது. குழந்தை கையை விரித்து விரித்து மூடுவதுபோலத் துடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். எட்டு மாதத்தில் என் மூன்றடிக் கடல்நீர் மீன்தொட்டியின் நடுக்கல்லில் பாதியை அது வளைத்துப் போட்டுவிட்டது. பக்கத்தில் பச்சை நட்சத்திர பாலிப், கடைகளில் ஜிஎஸ்பி என்பார்களே, அது ஊதாப் பாயை விரித்துக்கொண்டு பின்கண்ணாடியில் ஏறத் தொடங்கியிருந்தது.

மற்ற பவளங்களுக்கு இடமில்லாமல் போகும்முன் இரண்டையும் களைந்தாக வேண்டும். இரண்டும் மென்பவளம்தான், பரவும் விதம்தான் வேறு. ஜிஎஸ்பி தோல்போல ஒரே விரிப்பாக ஊர்ந்து போகும். ஸீனியா கிளைகிளையாகப் பிரியும், அடியோடு நகரவும் செய்யும். அறுந்த துணுக்கு எங்கே ஒட்டுகிறதோ அங்கே புதுக் குடித்தனம். இதைப் பார்க்காமல் வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

கையால் உரிப்பது ஜிஎஸ்பிக்கு நன்றாகவே வேலை செய்கிறது, கண்ணாடியில் இருக்கும்வரை. பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனையை விளிம்பில் நுழைத்து நெம்பினால், ஊறிய சுவரொட்டி உரிவதுபோல ஒரு சாண் அகலத்துக்கு அப்படியே கழன்று வரும். கல்லில் அந்தக் கதை நடக்காது. துளைக்குத் துளை வேர் பிடித்தமாதிரி இருக்கும். பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தாலும் மூன்றாவது வாரம் ஊதாப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். ஸீனியாவை உரிக்கப் போனாலோ வழவழவென்று கிழிந்து, துணுக்குகள் நீரோட்டத்தில் போய்விடும். உரித்தே தீருவதென்றால் பம்பை நிறுத்திவிட்டு, உறிஞ்சும் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிற அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். தேக்கா சந்தையில் டப்பாவில் விற்பதை வாங்கிப் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம், அதோடு வேறென்ன சேர்ந்திருக்குமோ. பவளத் தொட்டிக்கென்று விற்கும் தூளே போதும். ஆர்ஓ தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, பம்பை நிறுத்தி, சிரிஞ்சால் ஸீனியாவின் மேல் மூடிவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்து வெள்ளையை உறிஞ்சி எடுத்துவிடலாம். அடியில் மூடியது கருகிவிடும். ஆனால் இந்தக் குழம்பின் பிஎச் 12ஐத் தாண்டும், அதாவது கடுங்காரம். ஒரே நாளில் மொத்தத்தையும் முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டால் தொட்டியின் பிஎச் எகிறி மீன்கள் திணறும். ஒரு தடவைக்கு நாலைந்து தண்டு, அவ்வளவுதான். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஜிஎஸ்பியிடம் இது அரைகுறைதான். பாலிப் என்னும் பூப்போன்ற குட்டி உடல்களை உள்ளே இழுத்துக்கொண்டு தோலுக்கடியில் தப்பிவிடுகிறது.

நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து ஃபென்பெண்டசோல் ஜிஎஸ்பி, ஸீனியா இரண்டையும் சாய்த்துவிடும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது உண்மைதான். கூடவே நத்தைகளும் குழாய்ப் புழுக்களும் போய்விடும், மருந்தின் மிச்சம் கல்லுக்குள் நெடுநாள் தங்கியும் விடும். வீட்டில் ஒரு பூச்சி இருக்கிறதென்று வீட்டுக்கே புகை போடுவதுபோல. என் ஓட்டு இதற்குக் கிடையாது.

பவளம் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீனை விடலாம் என்பார்கள். அது ஸீனியாவைத் தின்னுமோ இல்லையோ, ஐம்பது வெள்ளி கொடுத்து வாங்கிய மற்றதைக் கடித்துப் பார்க்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ கருவியை நிறுத்தினால் ஸீனியா கரையும் என்பதும் பாதி உண்மை. நம் ஊர்ச் சூட்டில் கூடவே கடினப் பவளங்களும் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 வெப்பத்தில் சிங்கப்பூர்க் கடலிலேயே அதுதான் நடந்தது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது கல்லையே தூக்குவதுதான். ஜிஎஸ்பி மூடிய கல்லை வாளியில் குழாய்த் தண்ணீரில் மூன்று நாள் போட்டு, பிறகு வெயிலில் காய வைத்தேன். மென்பவளம் சாகும்போது வரும் நாற்றம் இருக்கிறதே! அடுக்குமாடி புளோக்கின் பொது நடைபாதையில் வைக்காதீர்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சும்மா விடமாட்டார். சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்கவும் வைக்காதீர்கள். கல்லில் பாலிதோவா என்ற பவள இன உறவு உயிர் ஒட்டியிருந்தால் அதன் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு ஏறி மூச்சைப் பாதிக்கும். இந்த முறையின் நஷ்டம், கல்லில் வாழ்ந்து மீன் கழிவின் அம்மோனியாவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். அதனால் எல்லாக் கல்லையும் ஒரேயடியாக எடுக்காமல், ஒன்றை எடுத்துச் சில வாரம் அம்மோனியாவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

எடுக்க முடியாத அடிக்கல்லில் ஸீனியா இருந்தால், அதை ஒட்டி ஒரு சின்னக் கல்லை வையுங்கள். தானாக ஏறிக்கொள்ளும். ஏறியதும் கல்லோடு வெளியே எடுத்து, மிச்சத்துக்கு மட்டும் சுண்ணாம்பு.

எடுத்ததைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கடலில் வேண்டவே வேண்டாம். வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காவில் ஸீனியா குடும்பத்து உனோமியா என்ற மென்பவளம் பவளத்திட்டுகளையும் கடற்புல்லையும் மூடிக்கிடக்கிறது. அது மீன் தொட்டி வியாபாரம் வழியாக வந்திருக்க வேண்டும் என்றே கருதப்படுகிறது.

என் தொட்டியில் ஸீனியா இன்னும் இருக்கிறது. மணல் நடுவே தனிக்கல், சுற்றிலும் நான்கு விரல்கடை இடைவெளி. போன சனிக்கிழமை ஒரு தண்டு மணலில் சாய்ந்து கிடந்தது, கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.