ஐந்து வருடம், ஒரு ரிசீவர்: ஈக்வலைசரில் தேடியது இன்புட்டில் கிடைத்தது

ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் (பேஸுக்கென்றே இருக்கும் பெட்டி) ஓட்டும் 5.1 ரிசீவர் வாங்கி ஐந்து வருடம் ஆகிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பட்ட பாட்டில் பாதிக்கு மேல் என் கைவரிசைதான். அறை 12க்கு 10 அடி, உயரமும் 10 அடி. இந்த இரண்டு பத்தையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் முழுக்க அம்மாவிடமிருந்து ஒரே புகார். "பேசுறது ஒண்ணும் புரியல, சண்டை வந்தா மட்டும் காது கிழியுது." நான் நேராக ஈக்வலைசருக்கு, அதாவது கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் செட்டிங்குக்குப் போனேன். சென்டர் ஸ்பீக்கரில் 2 கிலோஹெர்ட்ஸ், 4 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் 3 டெசிபல் ஏற்றினேன். போதவில்லை என்று 5. வசனம் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் ஊசியாகக் குத்தியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏற்றுவதும் இறக்குவதுமாகப் போனது.

ஒருநாள் தற்செயலாக ரிசீவரின் முகப்பைப் பார்த்தேன். 'பிசிஎம்' என்று இருந்தது. அதாவது செட்டாப் பாக்ஸ் இத்தனை நாளும் வெறும் ஸ்டீரியோவைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு 'ஆல் சேனல் ஸ்டீரியோ' மோடில் நான் வேறு விட்டிருந்தேன். ஒரே வசனம் முன்னால், பின்னால் என்று ஐந்து பக்கமும் வந்தால் எப்படிப் புரியும்? பாக்ஸின் ஆடியோ அவுட்புட்டை பிட்ஸ்ட்ரீமுக்கு (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) மாற்றினேன். 5.1 வரும் நிகழ்ச்சிகளில் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' வந்தது, பேச்சு டிவிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. ஸ்டீரியோ மட்டும் வருபவற்றுக்கு 'டால்பி சரவுண்ட்' போட்டேன். அது பேச்சைப் பிரித்துச் சென்டருக்குத் தள்ளுகிறது. ஈக்வலைசர் மொத்தத்தையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை.

இன்புட் இன்னொரு முறையும் காலை வாரியது. டிவி சத்தத்துக்கு முதலில் ஆப்டிகல் கேபிள், அப்புறம் ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வருவது). கேபிளைக் கழற்றிய எனக்கு, செட்டிங்கில் அந்த இன்புட்டுக்கு ஆப்டிகல்தான் ஒதுக்கியிருக்கிறது என்பது மறந்துபோனது. ஒரு நாள் முழுக்க நிசப்தம். ஸ்பீக்கர் ஒயரையெல்லாம் உருவிச் சொருகிய பிறகுதான் 'இன்புட் அசைன்' பக்கத்தைத் திறந்தேன். செட்டாப் பாக்ஸுக்கு மாறினால் மட்டும் சத்தம் எகிறியதற்கும் ஈக்வலைசர் மருந்தில்லை. அந்த இன்புட்டின் லெவலை மட்டும் 4 டெசிபல் குறைத்தேன், முடிந்தது.

சரி, ஆட்டோ கேலிப்ரேஷன்: மைக் வைத்தால் ரிசீவரே அறையை அளந்து ஒலியைச் சரிசெய்துகொள்ளும். முதல் தடவை மைக்கை சோபா மெத்தை மேல் சாய்த்து வைத்து, ஃபேன் ஓட ஓட அளந்தேன். குப்பை. இரண்டாம் தடவை இரவு 11 மணிக்கு ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்து, கேமரா ட்ரைபாடில் காது உயரத்தில் மைக்கைப் பொருத்தி, வியர்வை வழிய உட்கார்ந்தேன். நடுவில் தெருநாய் குரைத்தது. அந்த அளவை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

அது சொன்னதை எல்லாம் அப்படியே ஏற்கவில்லை. என் 5 அங்குல முன் ஸ்பீக்கர்களைப் 'பெரியது' என்று போட்டிருந்தது. 'சிறியது' ஆக்கி கிராஸ்ஓவரை (இதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். 9 அடி தூரத்தில் இருக்கும் சப்வூஃபரை 14 அடி என்றது. புத்திசாலித்தனமாகத் திருத்தினேன், பேஸ் பொக்கையாகிவிட்டது. சப்வூஃபரின் உள் சர்க்யூட்டில் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அந்தத் தூரத்தைச் சொல்கிறது என்பது பிறகே புரிந்தது. 14ஐயே திரும்பப் போட்டேன். இன்னொன்று: என் ரிசீவரில் கையால் போடும் ஈக்வலைசரை ஆன் செய்தால் ஆட்டோ ஈக்வலைசர் தானாக ஆஃப் ஆகிவிடும். பல மாதம் இது தெரியாமல் இருந்தேன்.

இப்போது அந்த இரண்டு பத்துக்கு வருவோம். 10 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் பரப்புகளுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கி வீங்கும். எனக்கு அகலமும் 10, உயரமும் 10 என்பதால் இரட்டை வீக்கம். அகலவாக்கில் எழும் அலை சுவரோரம் பலமாக இருக்கும், நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நான் உட்காருவது நடுவில். பேஸ் போதவில்லை என்று 63 ஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போனேன். அப்பாவின் நாற்காலி சுவரோரம். தவில் அடி விழுந்தால் தலைக்குள் இடிக்கிறது என்பார். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் இல்லாதபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். அப்பா சொன்னது பொய்யே இல்லை.

சப்வூஃபரைத் தூக்கி சோபாவில் வைத்து, ஒரு பேஸ் வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, டிவி பக்கச் சுவரோரம் தவழ்ந்தேன். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபர் இருக்க வேண்டும். மனைவி வந்து, "என்ன தொலைச்சீங்க?" என்றாள். மூலையிலிருந்து 3 அடி நகர்ந்த இடம் சரியாக வந்தது. எந்த ஈக்வலைசரும் இந்த 3 அடியின் வேலையைச் செய்யவில்லை.

இப்போது கையால் எதையும் ஏற்றி இறக்குவதில்லை, ஆட்டோ மட்டும்தான். எல்லா செட்டிங் பக்கங்களும் போனில் போட்டோவாக இருக்கின்றன. அப்பாவின் நாற்காலியையும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. இங்கே ஃபேன் காற்று நன்றாக வருகிறது என்றார்.