லேண்டிங் கியர் மோட்டார் கிட்: மாட்டி ஓராண்டு ஆன பிறகு எழுதுகிறேன்

டிரெய்லரின் முன்கால்களை (இவைதான் லேண்டிங் கியர்) ஏற்றி இறக்கும் புது மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, வாங்கியதில் வருத்தம் இல்லை. ஆனால் இதை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், காசைக் கொடுப்பதற்கு முன் பழைய காலின் மேல் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு தடவை பாருங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் கோளாறு தொடங்கிய இடம் மோட்டாரே இல்லை. கிட்டை வாங்கி, பழையதைப் பிரித்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: இந்த வகை டிரெய்லரின் முன்பாரம் கிங்பின் (டிரெய்லரின் முன்பகுதியிலிருந்து கீழே நீட்டியிருக்கும் தடித்த இரும்பு முளை) வழியாக டிரக்கின் பின் அச்சுக்கு மேலே இருக்கும் ஹிட்ச்சில், அதாவது அந்த முளையைப் பிடிக்கும் தட்டில், உட்காரும். டிரக்கைக் கழற்றிவிட்டால் அந்தப் பாரம் மொத்தமும் முன்னால் உள்ள இரண்டு கால்களில் இறங்கும். எங்களுடையதில் இரண்டு காலுக்கும் சேர்த்து 12 வோல்ட் மோட்டார் ஒன்றுதான். அது ஒரு காலைத் திருப்பும், அங்கிருந்து குறுக்கே போகும் ஷாஃப்ட் அடுத்த காலைத் திருப்பும்.

போன வருடம் ஒரு காலையில் கிளம்பத் தயாராகி, டிரக்கை மாட்டிவிட்டு, ஸ்விட்ச்சை அழுத்தினேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, இடது கால் மேலே ஏறுகிறது, வலது கால் ஊன்றிய இடத்திலேயே நிற்கிறது. குறுக்கு ஷாஃப்ட் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, கூடவே வலது காலின் தலைப்பகுதியில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். கிராங்க் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன், அதே கதைதான், ஏனென்றால் கைப்பிடியும் அதே ஷாஃப்ட் வழியாகத்தான் அந்தக் காலுக்குப் போக வேண்டும். வெளிக்குழாய்க்குள் நகரும் உள் காலைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னை இழுத்துச் சுருக்கிவிடலாம் என்றால், பாரம் அழுத்திக்கொண்டு இருந்ததால் பின் அசையவே இல்லை. கடைசியில் பக்கத்து டிரெய்லர்காரர் ஒரு பாட்டில் ஜாக் கொடுத்தார். ஃபிரேமுக்கு அடியில் மரக்கட்டை வைத்து லேசாகத் தூக்கியதும் பின் சுலபமாக வந்தது, வீட்டுக்காரர் உள் காலைக் கையால் மேலே தள்ளிப் பின்னைப் போட்டார். அந்த மனிதர் இல்லாவிட்டால் அன்று நாங்கள் அங்கேயே கிடந்திருப்போம்.

வீட்டுக்கு வந்ததும், மோட்டாருக்கு வயதாகிவிட்டது, பல்லெல்லாம் போயிருக்கும் என்று நானே முடிவுகட்டி, அதிக முறுக்குவிசை உள்ள மோட்டார், கியர்பாக்ஸ், ரிமோட் எல்லாம் சேர்ந்த கிட்டுக்கு ஆர்டர் போட்டேன். அது வந்த அன்று வலது காலின் மூடியைக் கழற்றினால், சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒரு ரோல் பின் (தகட்டைச் சுருட்டிச் செய்த சின்ன எஃகு ஆணி) இரண்டு துண்டாகக் கிடக்கிறது. படுக்கையாகச் சுற்றும் ஷாஃப்ட்டின் சுற்றலைக் காலுக்குள் திருப்பிவிடும் பெவல் கியரை ஷாஃப்ட்டோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். கியரில் இருந்த கிரீஸ் பழைய மெழுகு மாதிரி பழுப்பாக இறுகி, ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் செதிள் செதிளாக வந்தது. அடியில் பாரம் தாங்கும் திரஸ்ட் பேரிங்கை விரலால் சுற்றினேன், மணலைத் தேய்க்கிற மாதிரி இருந்தது. இத்தனை காய்ந்த காலை மோட்டார் வருடக்கணக்கில் திருப்பியிருக்கிறது, பலவீனமான இடத்தில் பின் முறிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கால்களைக் கழற்றும்போது டிரெய்லர் டிரக்கில் மாட்டியே இருக்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், முன் ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள், பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்ட வேண்டாம்.

சரி, கிட்டுக்கு வருகிறேன். மோட்டாரும் கியர்பாக்ஸும் கனமாக, ஒழுங்காகச் செய்யப்பட்டவை. பழைய போல்ட் துளைகளிலேயே உட்கார்ந்தது, ஷாஃப்ட்டின் முனையும் சரியாகப் பொருந்தியது. ஆனால் அது எங்களுக்கு அமைந்த அதிர்ஷ்டம், எல்லோருக்கும் பொருந்தாது. ஷாஃப்ட் உருண்டையா அறுகோணமா, விட்டம் என்ன, பின் துளை முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு ஆர்டர் போடுங்கள். குறுக்கு ஷாஃப்ட்டை மாட்டுவதற்கு முன் இரண்டு கால்களையும் தனித்தனியே கையால் சுற்றி, ஃபிரேமிலிருந்து பாதம் வரை டேப் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டு வர வேண்டும். இதை விட்டால் டிரெய்லர் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்தத் தாள் மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. கிட்டில் ஷாஃப்ட்டுக்கு ஒரு கெட்டியான போல்ட் கொடுத்திருக்கிறார்கள், எந்த வலு என்று எழுதவில்லை. இந்த இடத்தில் இருப்பது முறிவதற்காகவே வைத்த பின். கால் எங்காவது ஜாம் ஆனால் பின் முறிந்து கியரைக் காப்பாற்ற வேண்டும். அங்கே முறியாத போல்ட்டைப் போட்டால், முறியப்போவது கியரின் பல்தான், அதுவும் இப்போது மோட்டாரின் பலம் கூடியிருக்கும்போது. நான் கால் தயாரிப்பாளர் சொன்ன அதே வகைப் பின்னையே போட்டுவிட்டு, கூடுதலாக நான்கை வண்டியில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் வயர். உண்மையான வித்தியாசம் இதில்தான் கிடைத்தது. பழைய மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்பே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன்: கால் பாரத்தைத் தூக்கும்போது பேட்டரியில் 12.4 வோல்ட், மோட்டார் முனையில் 10.3. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. இருந்தது 10 கேஜ் வயர், பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போய்த் திரும்ப மொத்தம் சுமார் 15 மீட்டர். அந்த நீளத்தில் 30 ஆம்பியர் ஓடினால் வயர் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும். மீதியைத் தின்றது ஃபிரேமில் துருப்பிடித்திருந்த எர்த் இணைப்பு. 6 கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்) இழுத்து, வயர் முனையில் மாட்டும் லக்குகளை ஒழுங்காக அழுத்திக் கிரிம்ப் செய்து, எர்த்தை ஃபிரேமில் விடாமல் நேரே பேட்டரிக்கே கொண்டுபோனேன். அதே கணக்கில் வயர் நஷ்டம் 0.6 வோல்ட்தான். இப்போது மோட்டார் முனையில் 11.7 வருகிறது. கால் ஏறும் வேகம் கண்ணுக்கே தெரிகிறது, முன்பு நடுவில் விட்டு விட்டு நிற்கும் பிரேக்கர் இந்த ஓராண்டில் ஒரு முறைகூட விழவில்லை.

பிரேக்கர் விழுகிறது என்று பழைய மெல்லிய வயரிலேயே பெரிய பிரேக்கரைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். பிரேக்கர் காப்பது வயரை. கிட் 50 ஆம்பியர் கேட்டால், வயரும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும்.

ரிமோட் தேவையில்லாத ஆடம்பரம் என்று முதலில் நினைத்தேன், இப்போது அது இல்லாமல் முடியாது. முன்பெல்லாம் ஸ்விட்ச்சை அழுத்த ஒரு ஆள், கிங்பின் உயரம் பார்த்துச் சொல்ல இன்னொரு ஆள், "இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்று கத்திக்கொண்டு இருப்போம். இப்போது ஹிட்ச்சுக்குப் பக்கத்தில் நின்று தட்டின் விளிம்பைப் பார்த்தபடியே விரலளவு விரலளவாக ஏற்றி இறக்க முடிகிறது. ஒரே பயம், ஓடும்போது யாராவது பட்டனை அழுத்திவிட்டால் என்ன ஆவது என்பது. அதனால் மோட்டார் லைனில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வைத்து, கிளம்பும் முன் அணைத்துவிடுகிறேன். கிட்டிலேயே அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

கால்களுக்கு நான் செய்தது எளிய வேலை. காய்ந்த கிரீஸை மண்ணெண்ணெய் வைத்துச் சுத்தமாகக் கழுவி, பேரிங்கை மாற்றி, பெவல் கியரிலும் உள்ளே இருக்கும் ஸ்குரூவிலும் புது லித்தியம் கிரீஸ் வைத்தேன். இதைச் செய்துவிட்டுப் பழைய மோட்டாரையே கொஞ்ச நேரம் மாட்டி ஓட்டிப் பார்த்தேன், வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் முன்பு 33 ஆம்பியர் காட்டிய இடத்தில் 25 காட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பின், ஒரு பேரிங், ஒரு டப்பா கிரீஸ், நல்ல வயர், இவையே போதுமாக இருந்திருக்கும். பழைய மோட்டாரைத் துடைத்துச் சுற்றி வண்டியின் அடித்தட்டில் போட்டு வைத்திருக்கிறேன், அது இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

உங்கள் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலோ, கியர்பாக்ஸைத் திறந்தால் கிரீஸில் பித்தளைத் தூள் மின்னினாலோ, யோசிக்காமல் இந்த கிட்டை வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைத்தது அந்தத் தாளுக்காகவும் போல்ட்டுக்காகவும்.