சொல்லிக் கொடுக்கும் கவுன்சலரா, சேர்ந்து யோசிக்கும் கவுன்சலரா?

குடும்பமாகக் கவுன்சலிங் போகலாம் என்று முடிவு செய்தபின் பெரும்பாலானவர்கள் பார்ப்பது படிப்பு, அனுபவம், கட்டணம், தூரம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்தக் கவுன்சலர் எப்படி வேலை செய்பவர் என்று பலர் கேட்பதே இல்லை. பதினைந்து வயது மகன் எங்களோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்ட காலத்தில் இரண்டு விதமான கவுன்சலர்களிடமும் போனோம். கடைசியில் சேர்ந்து யோசிக்கும் இரண்டாவது வகையிலேயே நின்றோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் வகையினர் நம் கதையைக் கேட்டு, பிரச்சினை இன்னது என்று கணித்து, செய்ய வேண்டியதைச் சொல்வார்கள். குடும்ப சிகிச்சையில் இதற்குக் கனமான மரபு உண்டு. வீட்டில் யாருக்கு என்ன இடம், யார் யாரோடு கூட்டணி என்பதைக் கவனித்து அந்த அமைப்பையே மாற்ற முயன்ற சால்வடார் மினுசின், வீட்டுக்குப் போய் இதைச் செய்யுங்கள் என்று குறிப்பான வேலைகள் கொடுத்த ஜே ஹேலி ஆகியோர் அந்த வழியில் பெரிய பெயர்கள்.

இரண்டாவது வகையினருக்கு உளவியலில் தேர்ச்சி இருக்கும். ஆனால் உங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே இந்தப் பாதையைத் திறந்துவிட்டார். குடும்ப சிகிச்சைக்குள் ஹார்லின் ஆண்டர்சனும் ஹாரி கூலிஷியனும் 1980களின் இறுதியில் இதை ஒரு முழு அணுகுமுறையாக வளர்த்தார்கள். நார்வேயில் டாம் ஆண்டர்சன் இன்னும் ஒரு படி போனார். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து குடும்பத்தைக் கவனித்த சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அந்தக் குடும்பமே கேட்கும்படி செய்தார். அது 1980களின் நடுவில்.

வீட்டுப்பாடம், அட்டவணை, பயிற்சி கொடுத்தாலே அது முதல் வகை என்று நினைத்துவிட வேண்டாம். ஆரன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையில் வீட்டுப்பாடம் நிறைய உண்டு. ஆனாலும் சிகிச்சையாளரும் வந்தவரும் சேர்ந்து ஒரு எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை.

வேகத்தில் முதல் வகை முந்தும். முதல் நாளே கையில் ஏதோ ஒன்றோடு திரும்பலாம், அந்தத் தெம்பு சின்ன விஷயம் இல்லை. ரகசியம் காப்பதிலும் கனிவிலும் வகைக்கு வகை வித்தியாசம் கிடையாது, ஆளுக்கு ஆள்தான்.

எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே விஷயம்: கவுன்சலிங்கின் குறிக்கோளை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். குறிக்கோளில் உடன்பாடு, அதற்காகச் செய்யும் வேலைகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. தனி ஆள் போனால் முதல் உடன்பாடு ஓரளவு சுலபம். குடும்பத்தில் அப்படி இல்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்குபவர் ஒருவர், கட்டாயப்படுத்தி அழைத்துவரப்படுபவர் இன்னொருவர். போன் செய்தவரின் கவலை தானாகவே எல்லோருடைய குறிக்கோளாகவும் ஆகிவிடுகிறது.

முதல் கவுன்சலரிடம் அதுதான் நடந்தது. நானும் கணவரும் நிறையப் பேசினோம். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்க் இறங்கியது, ராத்திரி வெகுநேரம் போன் பார்ப்பது, கேட்டால் எரிந்து விழுவது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அவர் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். போனுக்கு நேரக் கட்டுப்பாடு, படிப்புக்கு அட்டவணை, மீறினால் என்ன என்பதெல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம். சில வாரங்கள் நடக்கவும் செய்தது. மகன் அட்டவணைப்படி இருந்தான், ஆனால் பேச்சு முன்பைவிடக் குறைந்தது. அந்தத் தாளில் அவனுடையது என்று ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது கவுன்சலர் உட்கார்ந்ததும் மகனிடம், “உன்னை நீன்னு கூப்பிடலாமா?” என்று கேட்டார். அப்புறம் எங்கள் மூவரிடமும் ஒரே கேள்வி: “இங்க வந்தது வீண் போகலைன்னு உங்களுக்கு எதை வச்சுத் தெரியும்?” கணவர் மார்க் என்றார். நான், முன்பு மாதிரி என்னோடு பேச வேண்டும் என்றேன். மகன் தெரியாது என்றான். அவர் விடவும் இல்லை, நெருக்கவும் இல்லை.

“இங்க வரணும்னு உனக்கு இஷ்டமா?”

“இல்ல.”

“சரி. இனிமே இங்க வர வேண்டிய அவசியமே இல்லாம போகணும்னா வீட்டில் என்ன மாறணும்?”

கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான்: “அப்பா என் ரூமுக்குள்ள கதவைத் தட்டிட்டு வரணும். என்னைப் பத்தி மாமாகிட்ட போன்ல பேசக் கூடாது.”

மாமாவிடம் பேசியது நான்தான். அது அவன் காதில் விழுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கவுன்சலர் மூன்று பேருடைய பதிலையும் ஒரே தாளில் எழுதி எங்களிடம் திருப்பிக் காட்டினார். மார்க் என்று எழுதியதை அடித்துவிடவில்லை, அதன் பக்கத்தில் ‘அப்பாவின் கவலை’ என்று எழுதினார். எதில் தொடங்கினால் மூவருக்கும் சரியாக இருக்கும் என்று கேட்டபோது கணவரே கதவைத் தேர்ந்தெடுத்தார். தட்டிவிட்டு உள்ளே போவது உடனே செய்யக்கூடிய காரியம் என்பது அவர் சொன்ன காரணம்.

ஒருமுறை பேசி முடிவு செய்ததோடு இது நிற்பதில்லை. ஒவ்வொரு செஷன் முடிவிலும் அவர் ஒரு சின்னத் தாள் கொடுப்பார். ஸ்காட் மில்லரும் பாரி டங்கனும் அவர்களோடு இருந்தவர்களும் உருவாக்கிய படிவம் அது. பத்து சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள். என்னைக் காது கொடுத்துக் கேட்டார்களா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, இந்த முறை எனக்கு ஒத்துவருகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு குறி போட வேண்டும். ஒருநாள் மகன் இரண்டாவது கோட்டில் இடது ஓரத்தில் குறி போட்டான். அன்று முழுக்க பள்ளிக்கூடப் பேச்சாகவே போயிருந்தது. கவுன்சலர் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த செஷனை அவன் சொன்ன இடத்திலிருந்து தொடங்கினார். திட்டம் சரியில்லை என்பதைப் பதினைந்து வயதுப் பையன் வாய் திறக்காமலே சொல்வதற்கு ஒரு வழி இருந்தது. முதல் வகையில் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. அதனால்தான் அங்கே அவன் மௌனத்தை ஒத்துழைப்பு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது வகையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பொறுமை சோதிக்கப்படும். “அவங்களே ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்களே” என்று கணவர் வீடு திரும்பும் வழியெல்லாம் புலம்பினார். சேர்ந்து யோசிப்பது என்ற பெயரில் வெறுமனே தலையாட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன என்று நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். நல்லவர் தன் கருத்தை ஒளிக்காமல் சொல்வார், சொல்லிவிட்டு அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்றும் கேட்பார்.

சில இடங்களில் நான் முதல் வகைக்கே போவேன். தற்கொலை எண்ணம் இருந்தால் பாதுகாப்பை உடனே கையில் எடுப்பவர் வேண்டும், உடன்பாட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோய்க்கு (OCD) உள்ள, பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சைக்கும் தெளிவான வழிநடத்தல் தேவை. பதின்வயதினர் பட்டினி கிடந்து உடல் கெடும் உணவுக் கோளாறுக்கு லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சையில், முதல் கட்டத்தில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோரே எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழ்கிறார் என்றால் எந்த வகையானாலும் சேர்ந்து உட்காரவே வேண்டாம். பயப்படுபவர் அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி வாங்க நேரலாம். முதலில் தனியாக, பாதுகாப்பாகப் பேச வேண்டும்.

தனி ஆளாகப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் தனியாகப் போனது கொஞ்சம்தான். அப்போது குறிக்கோளுக்கு வேறு போட்டியாளர் இல்லை என்பதால் முதல் வகையினரிடமும் எனக்குச் சிரமம் இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் முதல் போன் பேச்சிலேயே இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒருவர் தனியாக உங்களிடம் சொன்னதை மற்றவர்களிடம் சொல்வீர்களா? இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதி வைத்திருப்பார்கள், அது முன்கூட்டியே தெரிய வேண்டும். அடுத்தது, எங்களில் ஒருவர் மட்டும் உங்கள் திட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வீர்கள்? நான் இதைக் கேட்டபோது எங்கள் கவுன்சலர் சொன்ன பதில், “அப்போ திட்டத்தை இன்னும் முடிக்கலைன்னு அர்த்தம். அவர்கிட்டயே கேட்பேன்.”